பனியும் சுருதியும்

நம் சங்கத்தின் தை மாத இசை நிகழ்ச்சிக்கு வந்திருந்த நண்பர்கள் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "கச்சேரி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வாத்தியங்களை எல்லாம் உறையிலிருந்து எடுத்து மேடையில் வைத்துவிட்டு, ஒருவரும் தொடாமல் சும்மா உட்கார்ந்திருந்தீர்களே, அது என்ன சடங்கு?" என்பது கேள்வி. சடங்கு ஒன்றும் இல்லை. அதற்கு முந்தின சனி, ஞாயிறு இரண்டு நாளும் கங்கைக்கு அக்கரையில் ஒரு தோட்டத்தில் நாங்கள் பட்ட பாட்டின் பயன் அது. இதைக் கேட்ட பத்திரிகை ஆசிரியர், "பௌதிகம் படிக்கிறவன்தானே, அதையே எழுதிக் கொடு" என்று சொல்லிவிட்டார். எழுதுகிறேன். கதையில் என் குற்றம் ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்கப் போவதில்லை.

காசியிலிருந்து ராம்நகர் வழியாகச் சுனார் போகும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் சென்றால் ஒரு வண்டிப் பாதை பிரிகிறது. அதன் கோடியில் இரண்டு பிகா நிலமும் ஓர் ஓட்டு வீடும் இருக்கின்றன. நிலத்துக்குச் சொந்தக்காரர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முகல்சராய் சந்திப்புக்கு 2018இல் வேறு பெயர் வைத்துவிட்டார்கள். அவர் வாயில் மட்டும் இன்னமும் அது முகல்சராய்தான். ஓய்வு பெற்றதும் ஊர் திரும்புவதாகச் சொல்லிக்கொண்டே, ஒரு மாமரம் வைத்தார். மரம் காய்க்கட்டும் என்று காத்திருந்தார். காய்த்த பிறகு போக மனம் வரவில்லை. அவரை நாங்கள் ஐயா என்போம். அவர் மனைவியாரை ஆச்சி என்போம். ஆச்சியிடம் கலியாணச் சீராக வந்த தஞ்சாவூர்த் தம்பூரா ஒன்று இருக்கிறது. அதைக் கேட்கப் போய்த்தான் எங்களுக்கு இவர்கள் பழக்கமானார்கள்.

விடுதியில் ஒத்திகை நடத்துவது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல்லவி எடுக்கும்போதே பக்கத்து அறையில் கதவை அறைந்து சாத்துவார்கள். ஆகவே ஐயாவுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். சனிக்கிழமை முழுவதும் தோட்ட வேலை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒத்திகை. பாடுகிறவர்கள் நால்வர், பிடில் ஒருவர், புல்லாங்குழல் ஒருவர், மிருதங்கம் அடியேன். ஆக ஏழு பேர், மூட்டை முடிச்சுகளுடன் காலை எட்டு மணிக்கே போய் இறங்கிவிட்டோம்.

என் மிருதங்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அது கும்பகோணத்தில் என் தாத்தா வாங்கி வாசித்தது. தோலும் வாரும் எத்தனையோ தரம் மாறியிருக்கின்றன. பலாக் கட்டை மட்டும் அவர் தொட்டதேதான். என் தகப்பனார் மிருதங்கத்தைத் தொட்டதில்லை. நான் காசிக்குப் புறப்பட்டபோது, "இங்கே பரணில் கிடப்பதற்கு அங்கே உன்னோடு இருக்கட்டும்" என்று என் பாட்டி துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

தை மாதத்தில் இந்தப் பக்கத்துத் தோட்டம் இரண்டு பருவங்களுக்கு நடுவே நிற்கிறது. பட்டாணி, உருளைக்கிழங்கு, முள்ளங்கி முதலிய குளிர்காலப் பயிர்கள் முடியும் தறுவாயில் இருக்கும். சுரை, பாகல், வெள்ளரி, வெண்டை முதலிய கோடைப் பயிர்கள் இன்னும் தொடங்கியிரா. நாங்கள் பட்டாணி பறித்தோம். உருளைக்கிழங்குக்கு மண் அணைத்தோம். ராம்நகர்க் கத்தரிக்குக் களை எடுத்தோம். உருண்டையாய்ப் பெரிதாய்க் காய்க்கும் இந்தக் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஐயாவுக்கு அதில் தம் சொந்தப் பேரனுக்குப் பட்டம் கிடைத்ததுபோல் பெருமை. ஆச்சியின் கறிவேப்பிலைச் செடி மாத்திரம் இலை உதிர்த்து, குச்சியாய், எங்களில் முதல் ஆண்டு மாணவர் ஒருவரைப் போலவே குளிரில் வெடவெடத்து நின்றுகொண்டிருந்தது. "பங்குனி வரட்டும், தளிர்க்கும். வருஷா வருஷம் இப்படித்தான் பயமுறுத்தும்" என்றார் ஆச்சி.

அன்று செய்த வேலைகளுள் என் மனத்தில் நின்றது சுரை விதை கட்டியதுதான். சுரை விதைக்குத் தோல் தடிப்பு. முளைப்பதற்கு 20 டிகிரிக்குக் குறையாத வெப்பம் வேண்டும். 25, 30 இருந்தால் இன்னும் நல்லது. தை மாதத்து மண்ணிலே அது ஏது? ஆனால் மண் சூடாகும் வரை காத்திருந்தால், கொடி பந்தல் ஏறுவதற்குள் 'லூ' என்னும் அனற்காற்று வந்துவிடும். ஆகவே விதையை முன்னதாகவே முளைக்க வைத்து, பிறகு நட வேண்டும். இரவு முழுவதும் ஊற வைத்திருந்த விதைகளை ஐயா ஈரத் துணியில் முடிந்தார். முடிச்சைச் சாக்குத் துண்டில் சுற்றினார். சாணக் குப்பைக் குவியலுக்குக் கொண்டுபோனார்.

குப்பை ஏன் சுடுகிறது? சாணத்தையும் வைக்கோலையும் தின்னும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் அதற்குள் இருக்கின்றன. நாம் மூச்சு விடுவதுபோல் அவையும் மூச்சு விடுகின்றன. நம் உடம்பில் சூடு பிறப்பதுபோல் அங்கேயும் பிறக்கிறது. குவியல் பெரிதாக இருந்தால் அந்தச் சூடு வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கும். நன்றாக வேலை செய்யும் குவியலின் நடுவே 60 டிகிரி வரையில்கூட ஏறுவதுண்டு. விதையை அங்கே வைத்தால் முளைக்காது, அவிந்துபோகும். ஓரத்தில் வைத்தாலோ குளிர். சரியான இடம் இரண்டுக்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது. ஐயா முழங்கை வரை கையை நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு, சிறிது நேரம் நின்றார். கொஞ்சம் வெளியே இழுத்தார். மறுபடியும் நின்றார்.

"ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு தெர்மாமீட்டர் கொண்டுவரட்டுமா ஐயா?" என்றேன்.

"கை இருக்கே தம்பி. கை பொறுத்தா விதையும் பொறுக்கும்" என்றார்.

நான் விஞ்ஞான மாணவன் அல்லவா? ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று 24 விதைகளைக் குப்பையிலும், இன்னொரு 24ஐ மண் தட்டில் விதைத்துத் திண்ணையிலும் வைக்கச் செய்தேன். ஐயா சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

பிற்பகலில் வெயில் நன்றாக அடித்தது. நிழலில் 24 டிகிரி இருக்கும். களத்தில் பாயை விரித்து, தம்பூராவை மீட்டி, எல்லா வாத்தியங்களையும் 5 கட்டைக்குச் சேர்த்தோம். பாடுகிறவர்களில் தலைமை வகித்த பெண்ணுக்கு அதுதான் வசதியான சுருதி. அரை மணி நேரம் வாசித்தோம். தேனாகச் சேர்ந்தது. "நாளைக்கு வேலையே இல்லை" என்று சொல்லிக்கொண்டு, வாத்தியங்களைத் திண்ணையை ஒட்டிய அறையில் வைத்தோம். மிருதங்கத்துக்கு நான் உறை போடவில்லை. காலையில் மறுபடியும் எடுக்கப் போகிறோமே என்ற சோம்பல்.

மாலையில் ஐயா வானத்தைப் பார்த்தார். துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஒரு மேகம் இல்லை, காற்றும் இல்லை. "இன்னைக்குப் பாலா விழுந்தாலும் விழும்" என்றார். பாலா என்பது இங்கே உறைபனிக்குப் பெயர். பகலில் பெற்ற வெப்பத்தை நிலம் இரவில் வானத்தை நோக்கி வீசிவிடுகிறது. மேகம் இருந்தால் போர்வைபோல் அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையை ஒட்டிய காற்றுதான் எல்லாவற்றிலும் அதிகமாகக் குளிர்கிறது. இலையின் மேல் ஐஸ் கட்டினால் உருளைக்கிழங்குச் செடி விடியும்போது கறுத்துப் போகும்.

இதற்கு வைத்தியம் தண்ணீர். ஈர மண் உலர்ந்த மண்ணைவிட அதிக வெப்பத்தைத் தாங்கி வைத்திருக்கும். அடியிலுள்ள வெப்பம் மேலே ஏறி வரவும் ஈரம் வழி செய்யும். ஆகவே குளிரில் நடுங்கிக்கொண்டே இரவு ஏழு மணி வரை வாய்க்கால் கட்டி நீர் பாய்ச்சினோம். சுற்று வட்டாரத்தில் சிலர் வைக்கோலைக் கொளுத்திப் புகை போடுகிறார்கள். ஐயாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. பௌதிகமும் அவர் கட்சிதான். புகைத் துகள்கள் மிகவும் நுண்ணியவை. தரையிலிருந்து புறப்படும் வெப்பக் கதிர்களை அவற்றால் அவ்வளவாகத் தடுக்க முடியாது.

உறைபனி விழவில்லை. பின்னிரவில் மூடுபனி இறங்கிவிட்டது. காற்றிலுள்ள ஆவி நீர்த்துளியாக மாறும்போது கொஞ்சம் வெப்பம் வெளிப்படுகிறது. அந்தத் துளிகளே மேகம்போல் நிலத்துக்குப் போர்வையாகவும் ஆகின்றன. காலையில் எழுந்து பார்த்தபோது பத்தடிக்கு அப்பால் மாமரம் தெரியவில்லை. ஆனால் கிழங்குச் செடி பச்சையாகவே இருந்தது. ஐயாவுக்குப் பரம திருப்தி. கிழங்கைக் காத்த அதே பனிதான் எங்கள் சுருதியைக் குலைத்தது.

ஆறரை மணிக்கு உட்கார்ந்தோம். வெப்பம் 8 டிகிரி இருக்கலாம். தம்பூராவை மீட்டினாள், பாட ஆரம்பித்தாள், நிறுத்திவிட்டாள். குழல் ஒரு பக்கம், பிடில் ஒரு பக்கம், மிருதங்கம் எங்கேயோ பாதாளத்தில். முந்தின நாள் ஒரே குடும்பமாக இருந்தவை ஓர் இரவுக்குள் பாகம் பிரித்துக்கொண்டு போய்விட்டன. இது ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் தம்பூரா. அதன் தந்தி எஃகு. ஒரு மீட்டர் எஃகுக் கம்பி ஒரு டிகிரி குளிர்ந்தால், ஒரு மில்லிமீட்டரை நூறு பங்கிட்டு அதில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலாகச் சுருங்கும். இது ஒரு சுருக்கமா என்று எண்ணத் தோன்றும். ஆனால் தந்தியின் இரண்டு நுனிகளும் கட்டப்பட்டிருக்கின்றன. அது சுருங்க முடியாது, ஆகவே விறைக்கிறது. விறைத்தால் சுருதி ஏறும். மரமும் குளிரில் சுருங்கத்தான் செய்கிறது. ஆனால் எஃகைப்போல் அவ்வளவு இல்லை. ஆச்சியின் தம்பூராவின் நீளத்தையும் 5 கட்டைச் சுருதியையும் வைத்து, 24 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்கு இறங்கியதாகக் கணக்குப் போட்டேன். அதிர்வு ஏறக்குறைய 2 சதவீதம் ஏறும் என்று வந்தது. பிடிலும் இதே வழிதான் போயிற்று.

குழல் இதற்கு நேர் எதிரி. குழலில் ஒலிப்பது மூங்கில் அல்ல, உள்ளே இருக்கும் காற்று. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகச் செல்லும்; 24 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்கு வந்தால் அதன் வேகம் 2.7 சதவீதம் குறைந்துவிடும். சுருதியும் அவ்வளவு இறங்கும். வாசிப்பவரின் மூச்சுப் பட்டுக் குழல் சூடேறச் சூடேறக் கொஞ்சம் மேலே வரும். எங்கள் நண்பர் குழலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அடைகாத்ததன் காரணம் இதுதான்; குளிருக்குப் பயந்து அல்ல என்று அவர் எழுதச் சொன்னார். அரைக் கட்டை என்பது ஏறக்குறைய 6 சதவீத வித்தியாசம். தந்தி 2 ஏறி, குழல் 2.7 இறங்கினால், இரண்டுக்கும் நடுவே முக்கால் வாசி அரைக் கட்டை வந்துவிட்டது. காதுள்ள எவரும் இதைத் தாங்க மாட்டார்.

மிருதங்கத்துக்குக் குளிரைவிட ஈரமே பகை. மூடுபனியில் காற்று தன்னால் இயன்ற அளவு நீராவியைத் தாங்கி நிற்கிறது. தோல் அந்த ஈரத்தை உறிஞ்சுகிறது. உறிஞ்சினால் தளர்கிறது, அத்துடன் கனமும் கூடுகிறது. தளர்ச்சியும் கனமும் இரண்டுமே சுருதியைக் கீழே இழுப்பவை. போதாக்குறைக்கு, தோலை இழுத்துக் கட்டியிருக்கும் வாரும் எருமைத் தோல்தான். அதுவும் ஈரத்தில் கொடுத்துவிடும். உறை போடாமல் வைத்த என் மிருதங்கம் எவ்வளவு இறங்கியிருந்தது என்று கணக்குப் போடக்கூட எனக்கு மனம் வரவில்லை.

மாறாமல் இருந்தவை இரண்டே. ஒன்று, கைப்பேசியிலுள்ள தம்பூரா. அதற்குக் குளிரும் இல்லை, ஈரமும் இல்லை. இன்னொன்று, பாடுகிறவளின் குரல். மனிதத் தொண்டை ஒன்றுதான் வெளியே எந்தப் பருவமானாலும் தன் 37 டிகிரியைத் தானே காத்துக்கொள்ளும் வாத்தியம்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பேசாமல் ஆச்சி கொடுத்த சுக்குக் காப்பியைக் குடித்துவிட்டு வெயிலுக்குக் காத்திருப்பது. பத்தரை மணிக்குப் பனி விலகியது. பன்னிரண்டு மணிக்குத் தம்பூராவும் பிடிலும் குழலும், ஒருவரும் சமாதானம் செய்து வைக்காமலே, பழையபடி ஒன்று சேர்ந்துவிட்டன. ஆனால் நான் காத்திருக்கவில்லை.

இந்தப் பக்கத்து வீடுகளில் போரசி என்று ஒரு மண் கணப்பு உண்டு. உமியும் வரட்டியும் இட்டு மூட்டினால் நாள் முழுவதும் கனன்றுகொண்டிருக்கும். ஈரம்தானே காரணம், சூடு காட்டினால் போயிற்று என்று மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு போய், வலந்தலையைப் போரசிக்கு ஒரு சாண் தூரத்தில் திருப்பி வைத்தேன். பத்து நிமிஷத்தில் தட்டிப் பார்த்தேன். சுருதி மளமளவென்று ஏறியிருந்தது. பார்த்தீர்களா என்று எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தேன். இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தால் சரியாகிவிடும் என்று விட்டேன். 'பட்' என்று ஒரு சத்தம். கரணையிலிருந்து கட்டைவிரல் நகம் அளவு ஒரு சில்லு தெறித்து, என் காலடியில் விழுந்து கிடந்தது.

வலந்தலையின் நடுவே கறுப்பாக வட்டமாக இருக்கிறதே, அதுதான் கரணை. சோறு என்றும் சொல்வார்கள். கிட்டக் கல்லை மாவாக அரைத்து, குழைந்த சோற்றுடன் பிசைந்து, மெல்லிய பூச்சாகப் பல தடவை பூசி, ஒவ்வொரு பூச்சையும் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து உலர வைப்பார்கள். இதை அழகுக்கு இட்ட பொட்டு என்று எண்ணுகிறவர்கள் உண்டு. மிருதங்கத்துக்குச் சுருதி இருப்பதே இதனால்தான்.

ஒரு தந்தியை மீட்டினால் அடிப்படை அதிர்வுடன் அதன் 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு என்று முழு எண் மடங்குகளில் வேறு அதிர்வுகளும் சேர்ந்து எழுகின்றன. அவை ஒன்றோடொன்று இணங்குவதால் காதுக்கு ஒரே சுருதியாகப் படுகிறது. இழுத்துக் கட்டிய வெறும் தோலில் அப்படி இல்லை. அதன் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்று ஒழுங்கில்லாமல் போகின்றன. அதனால்தான் தப்பட்டையில் ஓசை உண்டு, சுருதி இல்லை. நடுவே கனத்தை ஏற்றி, ஓரத்தில் வளையமாக இன்னொரு தோலை அமர்த்தினால், இந்த ஒழுங்கற்ற அதிர்வுகள் இடம் பெயர்ந்து 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் வந்து நிற்கின்றன. நம் மிருதங்கமும் இந்த ஊர்த் தபலாவும் இந்த வித்தையை அறிந்தவை.

இதை முதன்முதல் கண்டு சொன்னவர் சர் சி. வி. ராமன். திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த அவர், 1907இல் நிதித் துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். அலுவலக வேலை போக எஞ்சிய நேரத்தில் அங்கிருந்த விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். 1920இல் நம் தோற்கருவிகளைப் பற்றிய குறிப்பையும், 1921இல் வீணை, தம்பூரா முதலிய தந்தி வாத்தியங்களைப் பற்றிய கட்டுரையையும் வெளியிட்டார். 1934இல் பெங்களூரிலிருந்து விரிவான கட்டுரை வந்தது. தோலின் மேல் நுண்மணலைத் தூவித் தட்டுவார். மணல் அதிரும் இடங்களை விட்டு விலகி, அதிராத இடங்களில் கோடு கோடாய்ப் படியும். அந்தக் கோலங்களைக் கொண்டு எந்த அதிர்வு எங்கே எழுகிறது என்று கண்டார். நோபல் பரிசு வாங்கித் தந்த ஒளி ஆராய்ச்சியை எல்லோரும் பேசுகிறோம். சொந்த ஊரை விட்டுப்போன இடத்தில், தம் வீட்டில் கேட்ட நாதத்தையே அவர் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டதுதான் என்னை அதிகம் கவர்கிறது.

இந்தக் கட்டுரைகளை எல்லாம் நான் படித்திருந்தேன் என்பதுதான் வெட்கக்கேடு. கரணை ஒரே பாளமாக இருந்தால் தோலை அசைய விடாது. கல்லால் தேய்க்கும்போது அதில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய வெடிப்புகள் விழுகின்றன. ஒவ்வொரு துணுக்கும் தோலை மட்டும் பிடித்துக்கொண்டு, பக்கத்துத் துணுக்கை விட்டுவிடுகிறது. ஆகவே தோலுடன் சேர்ந்து ஆடுகிறது. நான் செய்தது என்ன? நெருப்பருகில் தோல் வேகமாகக் காய்ந்து சுருங்கியது. தடித்த கரணை அவ்வளவு வேகமாகச் சுருங்கவில்லை. இரண்டுக்கும் நடுவே இழுபறி வந்தது; பிடிப்புக் குறைந்த இடத்தில் சில்லு பெயர்ந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் கனம் குறைந்தால், ஒன்றாயிருந்த அதிர்வு சிறிது வேறுபட்ட இரண்டாகப் பிளக்கிறது. தட்டினால் நாதம் நேராக நிற்காமல் 'வவ்வவ்' என்று அலையும். அப்படித்தான் அலைந்தது.

ஐயா வந்து பார்த்தார். சில்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நேத்து விதை வைக்கையிலே பக்கத்திலேதானே நின்னே? உன் கையை எங்கே வச்சிருக்க முடியுமோ அங்கேயில்ல அதையும் வச்சிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். பாட்டியின் முகம் என் கண்முன் வந்தது. அன்று மாலை வரை மற்றவர்கள் ஒத்திகை பார்த்தார்கள். நான் பாயில் தாளம் தட்டிக்கொண்டிருந்தேன்.

கச்சேரிக்கு ஆறு நாள் இருந்தது. சென்னைக்கு ரயிலில் ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். போய்த் திரும்ப வழி இல்லை. வேறு மிருதங்கம் இரவல் வாங்கலாம் என்று விசாரித்ததில் ஒன்றும் அகப்படவில்லை. திங்கட்கிழமை காலை, ஊருக்குள் ஒரு சந்தில் தபலா செய்யும் முதியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். காசி தபலாவுக்குப் பெயர் போன ஊர் அல்லவா? அவர் மிருதங்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தபலாவும் டுக்கியும் முதுகு ஒட்டிப் பிறந்த பிள்ளைபோல் இருக்கிறதே" என்றார். கரணையை அவர்கள் சியாஹி என்கிறார்கள். அவருடைய கலவையில் மாவுப் பசையும் இரும்புத் தூளும் சேரும். நம்மதில் சோறும் கல்லும் என்றேன். சில்லை மாத்திரம் ஒட்டித் தர முடியுமா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டிவிட்டார். ஒட்டுப்போட்ட இடத்தில் நாதம் முடங்கும். முழுவதையும் சுரண்டிவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும் என்றார். தாத்தாவின் கட்டை அவருடைய மடியில் கிடந்தது. சரி என்றேன்.

மூன்று நாள் சாயங்காலம் போய் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பூச்சு, ஒரு தேய்ப்பு, ஒரு தட்டு. காது கொடுத்துக் கேட்பார். மறுபடியும் ஒரு பூச்சு. கடை வாசலில் கொஞ்சம் வெயில் விழும் இடம் இருக்கிறது. வெயிலில் வைக்காமல், வெயிலுக்குப் பக்கத்தில் நிழலில் வைத்தார். கூலி என் மெஸ் கணக்கில் இருபது நாள் சாப்பாடு. கொடுத்ததில் வருத்தம் இல்லை.

வியாழக்கிழமை இரவு சுருதி சேர்த்துப் பார்த்தேன். நாதம் கணீரென்று இருந்தது. ஆனால் 5 கட்டைக்கு வரவில்லை. புதிய கரணை பழையதைவிடச் சற்றுக் கனம். வாரை இன்னும் இழுத்தால் தோல் கிழிந்துவிடும் என்று முதியவர் எச்சரித்திருந்தார். நாலரைக்கு மேலே, ஐந்துக்குக் கீழே, பெயர் இல்லாத ஓர் இடத்தில் அது நின்றது. பாடுகிறவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "உங்கள் மிருதங்கம் எங்கே நிற்கிறதோ அங்கேயே பாடிவிடலாம் அண்ணா. அதற்கென்ன?" என்றாள். குழல்காரர்தான் முணுமுணுத்தார். ஆனால் மாலைக் குளிரில் மண்டபம் 18 டிகிரி இருந்தது. குழல் தானாகவே பாதி தூரம் இறங்கி வந்திருந்தது. மீதியை உதட்டைச் சற்றுத் திருப்பிச் சரிக்கட்டிவிட்டார். தம்பூராவையும் பிடிலையும் இறக்குவது பெரிய காரியம் இல்லை.

அந்த ஒரு மணி நேரத்தின் இரகசியம் இப்போது விளங்கியிருக்கும். உறைக்குள் இருந்த வாத்தியம் மண்டபத்துக் காற்றின் சூட்டையும் ஈரத்தையும் ஏற்றுக்கொள்ள நேரம் வேண்டும். அதற்கு முன்பு சுருதி சேர்ப்பது வீண் வேலை. அதன் பிறகும் முழு நிம்மதி கிடையாது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர்கூட மணிக்கு 40, 50 கிராம் நீரை ஆவியாக வெளியே விடுகிறார். நீங்கள் 200 பேர் வந்திருந்தீர்கள். இரண்டு மணி நேரத்தில் இரண்டு வாளித் தண்ணீரை மண்டபத்துக் காற்றில் கலந்துவிட்டீர்கள்! நான் பாட்டுக்குப் பாட்டு, கல்லும் புல்லும் எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தது உங்களைக் காக்க வைப்பதற்காக அல்ல.

கச்சேரிக்கு ஐயாவும் ஆச்சியும் வந்திருந்தார்கள். முன் வரிசையில், தோளில் சால்வையுடன், தாளம் தப்பாமல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான். முடிந்ததும் மேடைக்கு வந்து, கரணையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "குப்பையிலே பத்தொம்பது முளைச்சாச்சு. உன் திண்ணைத் தட்டிலே ரெண்டு" என்றார்.

முளைத்தவை இப்போது மண் பைகளில் இரண்டாம் இலை விட்டிருக்கின்றன. நட்ட பிறகு பந்தல் வேண்டும். வரும் சனிக்கிழமை மூங்கில் கட்டப் போகிறோம். வாத்தியம் எதுவும் கொண்டுவர வேண்டாம். அரிவாள் இருந்தால் கொண்டுவரலாம். காலை ஏழு மணிக்குப் பெரிய வாயிலில் நிற்பேன்.